கிரையோ நுண்ணோக்கியில் போஸ்ட்டாக் வேலை: சுங்கை சிப்புட் தம்பியின் கேள்விக்கு

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தங்கை உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் ரப்பர் பாலின் புரதங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கிவிட்டாள். ஜெர்மனியில் ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியில், அதாவது மாதிரியை உறைய வைத்து எலக்ட்ரானால் படமெடுக்கும் கருவியில், போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்) ஆள் தேடுகிறது. அவள் அந்த மெஷினைத் தொட்டதே இல்லை. அம்மாவோ, "இன்னும் எத்தனை வருஷம்தான் படிப்பா?" என்கிறார். இது படிப்பா, வேலையா? விண்ணப்பிக்கலாமா? கையில் இருக்கும் நான்கு மாதத்தில் எதைக் கற்றுக்கொள்வது?

அம்மாவின் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். இது வேலைதான். ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்களில் போஸ்ட்டாக் ஆய்வாளரைப் பெரும்பாலும் டிவி-எல் இ13 என்ற அரசு ஊழியர் சம்பளப் படியில் எடுப்பார்கள். மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம், சம்பளத்தோடு விடுமுறை எல்லாம் உண்டு. நிரந்தரம் மட்டும் கிடையாது. இரண்டு, மூன்று வருட ஒப்பந்தமாகத்தான் தருவார்கள். முனைவர் பட்டத்துக்குப் பிறகு இப்படித் தற்காலிகமாக வைத்திருக்க அங்குள்ள சட்டம் பொதுவாக 6 வருடம்தான் விடும். மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு 90 நாள் விசா தேவையில்லை என்று யாராவது சொன்னால், அது சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு. வேலைக்குப் போகிறவர் கோலாலம்பூரில் ஜெர்மன் தூதரகத்தில் தேசிய விசா எடுத்த பிறகே விமானம் ஏற வேண்டும்.

அடுத்து, விளம்பரத்தை இன்னொரு முறை படிக்கச் சொல்லுங்கள். 'கிரையோ நுண்ணோக்கி' என்ற ஒரே பெயருக்குள் நாலு விதமான வேலை ஒளிந்திருக்கும். சுத்தம் செய்த புரதத்தை லட்சக்கணக்கான பிரதிகளாகப் படமெடுத்து ஒரே முப்பரிமாண வடிவமாகக் கட்டுவது ஒற்றைத்துகள் முறை. செல்லையே உறைய வைத்து, மெல்லிசாகச் சீவி, சாய்த்துச் சாய்த்துப் படமெடுப்பது டோமோகிராஃபி. மூன்றாவது பேட்டரிப் பொருள்கள்: ஸ்டான்ஃபோர்டில் யி சூய் குழு 2017-இல் லித்தியம் உலோகக் கிளைகளை உறைநிலையில் அணு அளவுக்குப் படமெடுத்துக் காட்டியதிலிருந்து இதற்கும் ஆள் எடுக்கிறார்கள். நாலாவது, கருவியையோ மென்பொருளையோ மேம்படுத்துவது. தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் இந்தக் கடைசி இரண்டும் வர வாய்ப்பு அதிகம், பொறியியல் துறைகள் பக்கத்துக் கட்டடத்திலேயே இருப்பதால். விளம்பரத்தில் புரதம், செல் என்ற சொற்களே இல்லையென்றால் அது தங்கைக்கான இடம் அல்ல.

மெஷினைத் தொட்டதில்லை என்ற பயத்துக்கு வருகிறேன். 300 கிலோவோல்ட் கிரையோஸ் நுண்ணோக்கி பெரிய அலமாரி போல மூடிக் கிடக்கும். மாதிரியைத் தாங்கும் கிரிட் என்ற சின்ன வலைகள் 12 கொண்ட கேசட்டை ஏற்றினால் உள்ளே இருக்கும் ரோபோ கை எடுத்து வைத்துக்கொள்ளும். இரவு முழுக்கப் படமெடுப்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். பராமரிக்கத் தனி ஆட்கள் உண்டு. ஓட்டுவதற்குச் சில வாரங்களில் பழக்கிவிடுவார்கள். போஸ்ட்டாக்கின் மாதங்களைத் தின்பது, அதற்கு முன்னால் இருக்கும் 3 மில்லிமீட்டர் வட்ட வலையும் அதில் படியும் ஐஸும்தான். ஐஸ் கெட்டுப்போனால் எத்தனை கோடி ரிங்கிட் கருவியும் கெட்ட ஐஸைத்தான் அழகாகக் காட்டும்.

எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் வெற்றிடம். ஈரமான புரதத்தை அப்படியே வைத்தால் தண்ணீர் ஆவியாகிப் புரதம் வற்றிவிடும். சாதாரணமாக உறைய வைத்தால் தண்ணீர் படிகமாக அடுக்கிக்கொண்டு புரதத்தை நசுக்கும், எலக்ட்ரான்களையும் சிதறடிக்கும். அடுக்கிக்கொள்ள அவகாசமே கொடுக்காமல், நொடிக்கு லட்சம் டிகிரிக்கு மேல் என்ற வேகத்தில் குளிரவைத்தால் தண்ணீர் கண்ணாடி போல இருந்தபடியே இறுகிவிடும். ஜாக் டுபோஷேயும் அலஸ்டேர் மெக்டவலும் 1981-இல் இதைச் செய்து காட்டினார்கள். 2017 வேதியியல் நோபல் பரிசை டுபோஷே, யோவாகிம் ஃபிராங்க், ரிச்சர்ட் ஹெண்டர்சன் மூவரும் பகிர்ந்துகொண்டது இந்தத் துறைக்காகத்தான்.

திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. அதிலேயே முக்கினால் போதாதா என்று தோன்றும். காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் ஒட்டாமல் முத்து முத்தாக ஓடுகிறதல்லவா? நைட்ரஜனுக்கு நம் கிரிட்தான் தோசைக்கல். தொட்டவுடன் நைட்ரஜன் கொதித்து ஆவிப் போர்வையாகக் கிரிட்டைச் சுற்றிக்கொள்ளும். வெப்பம் மெதுவாகத்தான் வெளியேறும். எத்தேன் மைனஸ் 183-இல் உருகி மைனஸ் 89-இல்தான் கொதிக்கும். உறையும் நிலைக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் கொதிக்காமலேயே வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் நைட்ரஜனால் குளிரவைத்த சின்னக் கிண்ணத்தில் எத்தேன் வாயுவைத் திரவமாக்கி, அதில் முக்குகிறார்கள்.

ஒரு கிரிட் எப்படித் தயாராகிறது என்று கிட்டப் போய்ப் பார்க்கலாம். செம்பு அல்லது தங்க வலை, அதன் மேல் ஓட்டை ஓட்டையான கார்பன் படலம். குவாண்டிஃபாயில் ஆர்1.2/1.3 என்று பெட்டியில் எழுதியிருந்தால் ஓட்டையின் விட்டம் 1.2 மைக்ரோமீட்டர், ஓட்டைகளுக்கு இடையே 1.3. கார்பன் சேம்பு இலை மாதிரி, தண்ணீர் ஒட்டாது. அதனால் முதலில் 15 மில்லி ஆம்பியரில் 30 முதல் 60 விநாடி குளோ டிஸ்சார்ஜ் (தண்ணீர் ஒட்டும்படி பரப்பை மாற்றும் மின் ஒளிர்வு) காட்ட வேண்டும். அந்த ஈர்ப்பு நேரம் போகப் போகக் குறையும். அரை மணிக்குள் பயன்படுத்திவிடுவது நல்லது. கிரிட்டை ஒற்றி எத்தேனில் முக்கும் விட்ரோபாட் கருவியின் அறையை 4 டிகிரிக்கும் 95 முதல் 100 விழுக்காடு ஈரப்பதத்துக்கும் கொண்டுவந்து, வடிதாளையும் உள்ளேயே கால் மணி நேரம் ஊறவிட வேண்டும். காய்ந்த தாள் முதல் இரண்டு கிரிட்டில் அதிகமாக உறிஞ்சிக் கெடுத்துவிடும். பிறகு 3 மைக்ரோலிட்டர் மாதிரி, இருபுறமும் 3 முதல் 6 விநாடி ஒற்றல், உடனே எத்தேனுக்குள் வீழ்ச்சி. ஒற்றிய பின் ஓட்டையில் நிற்கும் தண்ணீர்ப் படலம் 20 முதல் 50 நானோமீட்டர் இருந்தால் நல்ல கிரிட்.

எத்தேன் கிண்ணத்தின் ஓரத்தில் வெள்ளையாக உறையத் தொடங்கினால் குளிர் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். முழுக்க உறைந்துபோனால் கொஞ்சம் எத்தேன் வாயுவை மறுபடி விட்டு இளக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுக்கியோடு கிரிட்டும் வளையும். அங்கிருந்து நைட்ரஜனில் மிதக்கும் கிரிட் பெட்டிக்கு மாற்றும்போது நைட்ரஜன் ஆவியை விட்டு வெளியே தூக்கக் கூடாது. மைனஸ் 137-ஐத் தாண்டிச் சூடேறினால் கண்ணாடி ஐஸ் படிகமாக மாறத் தொடங்கும். மறுபடி குளிரவைத்தாலும் பழையபடி ஆகாது.

ஓர் எச்சரிக்கை. ஆய்வுக் கட்டுரைகளில் 'ஒற்று விசை 5' என்றெல்லாம் எழுதியிருக்கும். அந்த எண்ணுக்கு வெளியே மதிப்பில்லை. அது அந்தந்தக் கருவியின் திண்டு எந்த உயரத்தில் மாட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது; பக்கத்து அறை விட்ரோபாட்டில் அதே 5 வேறு தடிமனைத் தரும். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் மாதத்தில் ஏமாறும் இடம் இதுதான்.

கெட்ட கிரிட்டைத் திரையில் பார்த்துக் காரணம் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் ஆய்வகத்தில் மதிப்பு. பின்னணி முழுக்கக் கோடு கோடாகப் படிகம் தெரிந்தால், குளிர்ந்தது மெதுவாக, அல்லது மாற்றும்போது சூடேறிவிட்டது. ஐஸ் கண்ணாடியாகவே இருந்து, மேலே மட்டும் உருண்டை உருண்டையாகக் கறுப்புப் பொட்டுகள் இருந்தால், அறைக் காற்றின் ஈரம் நைட்ரஜனில் விழுந்து ஒட்டியிருக்கிறது. ஓட்டைகள் காலியாகவும் புரதமெல்லாம் கார்பன் மேலும் இருந்தால், டிஸ்சார்ஜ் நேரத்தை மாற்றிப் பார்க்கலாம், அல்லது ஓட்டையின் மேல் மெல்லிய கார்பனோ கிராஃபீனோ போர்த்திய கிரிட் வாங்கலாம். புரதம் உடைந்து துணுக்காகத் தெரிந்தால் பெரும்பாலும் குற்றவாளி காற்றும் தண்ணீரும் தொடும் பரப்பு. அந்த மெல்லிய படலத்துக்குள் புரதம் ஒரு விநாடியில் எத்தனையோ தடவை மேற்பரப்பில் போய் மோதும், மோதி விரியும். ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டு வரிசையாகப் படுத்திருந்தாலும் அதே பரப்பின் வேலைதான். உறைய வைப்பதற்குச் சற்று முன் 8 மில்லிமோலார் சாப்சோ என்ற டிடர்ஜென்ட் கலப்பது பலருக்குக் கைகொடுக்கும். ஆனால் அப்போது புரதத்தின் செறிவையும் பல மடங்கு கூட்ட வேண்டியிருக்கும்.

நம் ஊர்க் காற்றைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காலையில் 80 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம், தே ஐஸ் கிளாஸ் மேசையில் வைத்த நிமிடத்திலேயே வேர்க்கும். அப்படிப்பட்ட காற்றில் நைட்ரஜன் குடுவையின் மூடியைத் திறந்து வைத்தால் பனித்தூள் மழை மாதிரி உள்ளே இறங்கும். கிரையோ அறையின் ஈரப்பதத்தை 30 விழுக்காட்டுக்குக் கீழே இறக்கி வைப்பது அதற்காகத்தான். ஐரோப்பிய குளிர்காலத்தில் நேர்மாறான தொல்லை: காற்று வறண்டு, நிலைமின்சாரம் ஏறி, கிரிட் இடுக்கியோடு ஒட்டிக்கொண்டு விழ மறுக்கும்.

தங்கையின் ரப்பர் பாலையே எடுத்துக்கொள்வோம். நேர்முகத்தில் அவள் பேச வேண்டியதும் இதைத்தான். மங்கில் இறங்கும் பாலில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் ரப்பர். அது நூறு நானோமீட்டரிலிருந்து சில மைக்ரோமீட்டர் வரை பல அளவுத் துகள்களாக, ஒற்றை அடுக்குக் கொழுப்பும் புரதமும் போர்த்தி மிதக்கிறது. ரப்பர் சங்கிலியை நீட்டும் நொதி உட்கார்ந்திருப்பதும் அந்தப் போர்வையில்தான். 300 கிலோவோல்ட் எலக்ட்ரானும் ஏறக்குறைய 300 நானோமீட்டர் ஐஸைத் தாண்டுவதற்குள் சக்தியை இழக்கத் தொடங்கும். ஒரு மைக்ரோமீட்டர் துகள் அதற்கு வெறும் கறுப்புக் கட்டி. ஒற்றும்போது அப்படிப்பட்ட துகள் மெல்லிய படலத்தில் இடமில்லாமல் ஓரத்துக்கும் தள்ளப்படும். ஆக, மையவிலக்கில் சுழற்றி மேலே மிதக்கும் பெரிய துகள்களையும் அடியில் படியும் லூட்டாய்டுகள் என்ற சின்னப் பைகளையும் நீக்கிவிட்டு, சிறு துகள்களை மட்டும் பிரித்து, நூறு மடங்கு நீர்த்துத் தொடங்குவதுதான் நடக்கிற காரியம்.

லூட்டாய்டுகளைச் சீக்கிரம் நீக்குவதற்குக் காரணம் உண்டு. அவை உடைந்தால் ஹெவின் என்ற புரதம் வெளியே வந்து துகள்களைக் கோத்துவிடும்; வெட்டிய கோட்டில் பால் தானாக உறைந்து ஒட்டுப்பாலாவது அப்படித்தான். அமோனியா போட்ட பால் உறையாது என்று ஆலைப் பாலை வாங்கிவர வேண்டாம். அமோனியா நாளடைவில் அந்தக் கொழுப்பையும் புரதத்தையுமே சிதைத்துவிடும். நாம் பார்க்க விரும்புவது அவற்றைத்தானே. முதலில் வடியும் சொட்டுகளை விட்டுவிட்டு, பனிக்கட்டியில் வைத்த குழாயில் குளிர்ந்த பஃபருக்குள் நேரே பிடித்து, அன்றைக்கே பிரிக்க வேண்டும். டிடர்ஜென்ட் பக்கம் போகக் கூடாது, போர்வை உரிந்துவிடும்.

பெரிய துகளைத்தான் பார்த்தாக வேண்டும் என்றால் டோமோகிராஃபி. உறைந்த கிரிட்டை 30 கிலோவோல்ட் காலியம் அயனிக் கற்றையால் மேலும் கீழும் சீவி, நடுவில் 150 நானோமீட்டர் தகட்டை மட்டும் விட்டுவைப்பார்கள். பிறகு அதை மைனஸ் 60-இலிருந்து பிளஸ் 60 டிகிரி வரை 3 டிகிரி இடைவெளியில் சாய்த்து 41 படம். பால் மரத்தில் பட்டையைச் சீவும் கைக்குத் தெரிந்த விஷயம்தான் இது: கடைசிச் சீவல் மெல்லியதாக, அவசரமில்லாமல் இருக்க வேண்டும். கற்றையின் மின்னோட்டத்தைப் படிப்படியாக இறக்கிக் கடைசியில் 30 முதல் 50 பிக்கோ ஆம்பியருக்குக் கொண்டுவருவது அதற்காகவே. இன்னொன்றையும் அவள் தெரிந்து போக வேண்டும். பால் துகளின் பிரபலப் புரதமான ஆர்இஎஃப் (ரப்பர் நீட்சிக் காரணி) 14.6 கிலோடால்டன் எடைதான். ஒற்றைத்துகள் முறையில் 50 கிலோடால்டனுக்குக் கீழே போனாலே சிரமம். 'ஆர்இஎஃப் வடிவத்தைக் கண்டுபிடிப்பேன்' என்று விண்ணப்பத்தில் எழுதினால் படிக்கிறவர் அங்கேயே மூடி வைத்துவிடுவார்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக, ஆனால் இதை அம்மாவிடமும் சொல்லலாம். ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் சுமார் 700 லிட்டர் வாயு. 3 மீட்டருக்கு 4 மீட்டர், 2.7 மீட்டர் உயரமுள்ள மூடிய அறையில் 10 லிட்டர் கொட்டினால் ஆக்ஸிஜன் 20.9 விழுக்காட்டிலிருந்து 16, 17-க்கு இறங்கிவிடும். மூச்சு முட்டும் உணர்வே வராமல் மயக்கம் வரும். ஆக்ஸிஜன் எச்சரிக்கை மணி இல்லாத அறையில் வேலை செய்யக் கூடாது. நைட்ரஜன் குடுவையோடு ஆள் லிஃப்டில் ஏறக் கூடாது. குடுவையைத் தனியாக அனுப்பிவிட்டு மாடிப்படியில் போக வேண்டும். எத்தேன் தீப்பற்றும். மிஞ்சியதை, வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகப் புகைக்கூண்டுக்குள்தான் ஆவியாக விட வேண்டும். தோலில் பட்டால் நைட்ரஜனைவிட மோசம், ஏனென்றால் அது துள்ளி ஓடாமல் ஒட்டிக்கொள்ளும்.

படமெடுப்பதில் கணக்குதான் அதிகம். பிக்சல் 0.83 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) என்று வைத்துக்கொண்டால் ஒரு பிக்சலின் பரப்பு 0.69 சதுர ஆங்ஸ்ட்ராம். நொடிக்கு ஒரு பிக்சலில் 15 எலக்ட்ரான் விழுந்தால், சதுர ஆங்ஸ்ட்ராமுக்கு நொடிக்கு 22. மொத்தம் 50 எலக்ட்ரானுக்கு மேல் புரதம் தாங்காது என்று வைத்தால், 2.3 நொடி வெளிச்சம் போதும். அதை 50 சட்டகங்களாகப் பிரித்துப் படமாக்குவார்கள், ஐஸ் அசைந்ததைப் பிறகு திருத்துவதற்காக. ஒரு படம் அரை ஜிகாபைட், 8,000 படம் எடுத்தால் 4 டெராபைட். ஒரு நீண்ட அமர்வின் விளைச்சல் அது.

அதிலிருந்து லட்சக்கணக்கான துகள்களைப் பொறுக்கி, குப்பையை வகைப்படுத்திக் கழித்து, மீதியை ஒரு வடிவமாக்கும்போது கவனிக்க வேண்டிய ஆபத்து, இல்லாததைக் காண்பது. வெறும் இரைச்சலை ஐன்ஸ்டைன் முகத்தோடு பொருத்திப் பொருத்திச் சராசரி எடுத்தால் ஐன்ஸ்டைனே தெரிவார். ஹெண்டர்சன் 2013-இல் இதையே எச்சரிக்கையாக எழுதினார். தரவை இரண்டு பாதியாகப் பிரித்துத் தனித்தனியே கட்டி, இரண்டுக்கும் உள்ள ஒப்புமை எண் 0.143-க்கு இறங்கும் இடத்தைத் துல்லியம் என்று சொல்வது இந்த மோசடியைத் தடுக்கத்தான். எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். 3.5 ஆங்ஸ்ட்ராம் என்று கணினி சொன்னால், புரதச் சங்கிலியின் பக்கவாட்டில் நீட்டும் பெரிய பக்கச் சங்கிலிகள் கண்ணுக்குத் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

நான்கு மாதத்துக்கு வருவோம். கிரையோ ஆய்வாளர் கிராண்ட் ஜென்சனின் அறிமுகப் பாட வீடியோக்கள் இலவசம். முதல் மூன்று வாரம் அதற்கு. அடுத்து, எம்பியார் என்ற பொதுக் கிடங்கில் 10204 என்ற எண்ணில் பீட்டா-காலக்டோசிடேஸ் என்ற நொதியின் தரவு இருக்கிறது. படங்களிலிருந்து வடிவம் கட்டும் ரிலயான் மென்பொருளின் பயிற்சி அதிலிருந்து எடுத்த 24 படங்களை வைத்துத்தான். ஒழுங்காகச் செய்தால் 3 ஆங்ஸ்ட்ராமை ஒட்டி வரலாம். லினக்ஸ் போட்ட கணினி, 11 ஜிகாபைட்டுக்கு மேல் நினைவகம் உள்ள என்விடியா ஜிபியு, ஒரு டெராபைட் எஸ்எஸ்டி வேண்டும். வீட்டில் இல்லாவிட்டால் பழைய மேற்பார்வையாளரிடம் கேட்கலாம். ஒரு தடவை செய்முறையைப் பார்த்துச் செய்த பிறகு, பார்க்காமல் இன்னொரு தடவை, வேண்டுமென்றே தவறான அளவுகளைக் கொடுத்து. எது எப்படிக் கெடுகிறது என்று அப்போதுதான் பிடிபடும்.

கைவேலைக்கு அவள் படித்த இடத்தில் 120 கிலோவோல்ட் சாதாரண எலக்ட்ரான் நுண்ணோக்கி இருந்தால் அதுவே போதும். புரதத்தை ஒரு மில்லி லிட்டருக்கு 0.01 முதல் 0.05 மில்லிகிராம் வரை நீர்த்து, யுரேனைல் அசிடேட் 1 அல்லது 2 விழுக்காட்டில் சாயமேற்றிப் பார்க்கட்டும். இடுக்கி பிடிப்பது, கிரிட்டை வளைக்காமல் எடுப்பது, வடிதாளின் ஓரத்தால் ஒற்றுவது எல்லாம் இதிலேயே பழகும். யுரேனைல் நச்சு, லேசான கதிரியக்கமும் உண்டு. கையுறையும் தனிக் கழிவுப் புட்டியும் கட்டாயம்.

விண்ணப்பிக்கலாம், தாராளமாக. கடிதத்தில் கிரையோ அனுபவம் இருப்பதுபோல் காட்டிக்கொள்ள வேண்டாம், ஒரே கேள்வியில் வெளியே வந்துவிடும். புரதத்தைச் சுத்தம் செய்யத் தெரியும், இதோ சாயமேற்றிய படம், இதோ பொதுத் தரவிலிருந்து கட்டிய வடிவம் என்று மூன்றும் ஒரே பக்கத்தில் இருந்தால் போதும். நேர்முகத்தில் அவளும் கேட்க வேண்டும்: மாதத்துக்கு எத்தனை நாள் 300 கிலோவோல்ட் நேரம் இந்தக் குழுவுக்கு உறுதி, அதற்கான கட்டணம் யார் கணக்கில், கிரிட் தேர்வு செய்ய 200 கிலோவோல்ட் கருவி தனியாக உண்டா, தரவு எத்தனை மாதம் சேமிப்பில் இருக்கும், மாதிரி கெட்டுக்கொண்டே இருந்தால் இரண்டாவது திட்டம் என்ன. கடைசிக் கேள்விக்கு 'அப்படியெல்லாம் ஆகாது' என்று பதில் வந்தால், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தக் குழுவில் இப்போது இருக்கும் இரண்டு போஸ்ட்டாக்குகளிடம் தனியாகப் பேசிவிடச் சொல்லுங்கள்.